பிசிறில்லாத கோடு

ரப்பர் என்கிற பட்டப்பெயரை அவளுக்கு வைத்தவர் அவளுடைய அண்ணன். சின்ன வயதில் அவள் ஒரு பூனை வரைந்தால், வரைந்ததைவிட அழித்ததுதான் அதிகமாக இருக்கும். மீசை கொஞ்சம் கோணினாலும் தேய்த்துத் தேய்த்துத் தாளையே ஓட்டை போட்டுவிடுவாள். "பூனையக் காணோம், ரப்பர் தின்னுடுச்சு" என்று அண்ணன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அவள் மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஆனாலும் அண்ணிக்கு அவள் ரப்பர்தான், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ரப்பரக்கா.

அழித்து அழித்து வரைகிற குணத்துக்குத் தோதான வேலையும் அவளுக்கு வாய்த்தது. அலமாரி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கிற தொழிற்சாலை அது. வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து தாங்களே பூட்டிக்கொள்ள வேண்டும். எந்தத் திருகு எந்த ஓட்டைக்கு என்று காட்டுகிற படத்தாள் ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கும். அந்தப் படங்களை வரைகிறவள் ரப்பர். அதில் ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது என்பது தொழிற்சாலையின் சட்டம். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பார்த்தவுடன் புரிய வேண்டும். "என் கோட்ட நம்பி ஒருத்தர் கட்டில் பூட்டி, அதுல படுத்தும் தூங்குறார்ல, அத நெனச்சாத்தான் கொஞ்சம் பயமா இருக்கும்" என்பாள்.

அண்ணன் தொழில் இதற்கு நேர் எதிர். எழுத்து வேண்டாம், படமும் வேண்டாம், வாய் ஒன்று போதும். காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர் அவர். கூடைகளுக்கு நடுவே ஒரு பலகைமேல் ஏறி நின்றாரானால் சந்தையின் அந்தக் கோடியில் மூட்டை தூக்குகிறவருக்கும் விலை கேட்கும். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அண்ணி ஒரு வார்த்தை பேசினால் இவர் ஒன்பது பேசுவார். "சந்தையிலதான் ஏலம் விடுறீங்க, இங்க எதுக்கு?" என்று அண்ணி கேட்பாள். "வாங்குற ஆள் நீ ஒருத்திதானே, அதான் விலை ஏறவே மாட்டேங்குது" என்பார்.

கீழ்த்தளத்தில் அண்ணனும் அண்ணியும், மாடியில் ரப்பரும் மகளும் இருந்தார்கள். ரப்பரின் கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதியைத் தண்ணீரில் கழிப்பவர். ஆகவே ரப்பருக்குப் பேச்சுத்துணை என்றால் கீழ்வீடுதான்.

ஒருநாள் காலை சந்தையில் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது அண்ணனின் வாய் நின்றது. ஒரு கூடைக் கத்தரிக்காய்க்கு ஒரு விலையைச் சொன்னவர், அடுத்த விலையைச் சொல்லவில்லை. விலையை ஏற்றத்தான் மனுஷன் சும்மா நிற்கிறார் என்று நினைத்து ரெண்டு பேர் கூடுதலாகக் கேட்டார்களாம். மூன்றாவது ஆள் கேட்பதற்குள் அவர் பலகையிலிருந்து சரிந்துவிட்டார்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது கை கொஞ்சம் தளர்ந்தது. கால் சீக்கிரமே சரியாகிவிட்டது. அறிவு அப்படியே இருந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "அதான்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த ஒரு சொல்லோடு வாழ்வது எத்தனை கஷ்டம் என்று தெரிந்தது.

"தண்ணியா?" என்பாள் அண்ணி.

"அதான்."

தண்ணீர் கொண்டு வந்தால் தள்ளிவிடுவார்.

"அப்ப டீயா?"

"அதான்."

டீயையும் தொடமாட்டார். முகம் சிவக்கும். இடது கையால் தொடையில் அடித்துக்கொள்வார். ஜன்னலைத் திறப்பது, விசிறியைக் குறைப்பது, தலையணையை மாற்றுவது என்று எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு அண்ணி அழுதுகொண்டே அடுப்படிக்குப் போவாள். கடைசியில் பார்த்தால் அவர் கேட்டது மூக்குக்கண்ணாடியாக இருக்கும்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை ஸ்பீச் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். நிதானமானவர். பேச முடியாதவர்களோடு பேசிப் பேசி, எதிரில் இருப்பவரின் முகத்தை முழுசாகப் பார்த்துக் கேட்கிற பழக்கம் வந்திருந்தது. அவர் அண்ணியிடம் சொன்னார்:

"வார்த்தை மெதுவாத்தாங்க வரும். அதுவரைக்கும் படத்த வச்சுக் கேளுங்க. எங்ககிட்ட ஒரு செட் அட்டை இருக்கு. ஆனா உங்க வீட்டு டம்ளர், உங்க வீட்டு நாற்காலி மாதிரியே படம் இருந்தா அவருக்கு இன்னும் சுலபம்."

கூடப் போயிருந்த ரப்பர் உடனே சொன்னாள்: "நான் வரையுறேன் மேடம். படம் வரையுறதுதான் என் பொழப்பே."

சொன்னபடி அன்றே ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலைக் கணினியிலேயே வரைந்தாள். அண்ணனின் பிடி உடைந்த டீக்கப், மூக்குக்கண்ணாடி, வாசல் செருப்பு, கை வைத்த நாற்காலி, ரேடியோ, அண்ணியின் முகம். வரைந்ததைத் தன் கைபேசிக்கு மெசேஜில் அனுப்பிக்கொண்டாள். மாடியில் மகளின் படிப்புக்காக வாங்கிய இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தது. மகள் கைபேசியிலிருந்தே அச்செடுத்துக் கொடுத்தாள். வெட்டி அட்டையில் ஒட்டிக் கீழே கொண்டுபோனாள் ரப்பர்.

அண்ணன் ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு மொத்தத்தையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெக்கமா இருக்கும் ரப்பர்" என்றாள் அண்ணி, அவர் காதில் விழாத தூரத்துக்கு அவளைக் கூட்டிப்போய். "அவ்வளவு பேசின மனுஷன். சின்னப் புள்ளைக்குக் காட்டுற மாதிரி படத்தக் காட்டினா எப்படி இருக்கும்?"

ரப்பருக்கும் அதுதான் சரியென்று பட்டது. மனசு சுருங்கிப்போயிற்று. அட்டைகள் மேசையிலேயே கிடந்தன. யாரும் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரப்பர் டீயோடு கீழே வந்தபோது அண்ணன் வேறு எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கறை படாமலிருக்க அண்ணி மேசைமேல் விரித்து வைத்திருந்த பழைய படத்தாள் அது. ரப்பர் எப்போதோ தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த நாற்காலிப் படம். அண்ணனின் இடது கை விரல் நாற்காலியின் கோட்டின்மேல் மெதுவாகப் போனது. கால், குறுக்குச் சட்டம், முதுகுப்பலகை என்று ஒன்றுவிடாமல் தடவி, கடைசியில் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டினார்.

"அதான்" என்றார்.

பிறகு கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்தார். அதிலும் நாற்காலிதான். அதன்மேல் விரலை வைத்து, குளிரில் நடுங்குகிறவரைப் போல நடுக்கிக் காட்டினார். இல்லையென்று தலையை ஆட்டினார்.

ரப்பர் டீயைக் கீழே வைத்தாள். ரெண்டு நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே கை வரைந்தவைதான். தொழிற்சாலைத்தாள் அச்சகத்தில் அடித்தது. அதில் கோடு கத்தியால் கீறினதுபோல இருந்தது. வீட்டு அட்டையிலோ சாய்ந்த கோடெல்லாம் படிக்கட்டாக இருந்தது, நேர்க்கோட்டுக்குக் கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் முளைத்திருந்தது. இத்தனை நாளும் இது அவள் கண்ணில் படவில்லை. வரைந்தவளுக்குத் தெரியும் அது நாற்காலி என்று; பார்க்கிறவருக்கு அல்லவா தெரிய வேண்டும்.

"அண்ணி, அவருக்கு வெக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. என் படம் அவருக்குத் தெரியல, அவ்வளவுதான்."

மறுநாள் ஸ்பீச் மேடத்திடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். அடைப்பு வந்தவர்களில் சிலருக்குப் பார்வையும் கொஞ்சம் கலங்குமாம். ஓரம் தெளிவாக இருந்தால் பிடித்துக்கொள்வார்கள், கலங்கலாக இருந்தால் மனம் களைத்துவிடும். அண்ணனுக்குக் கண் பரிசோதனையும் செய்யச் சொன்னார். "கோடு நல்லா இருக்கட்டும்ங்க. மத்தத நாம பாத்துக்கலாம்" என்றார்.

இப்படித்தான் ரப்பர் பிரிண்டரோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள்.

படிக்கட்டுக்குக் காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. மெசேஜில் அனுப்பும்போது கைபேசி படத்தைச் சுருக்கிவிடுகிறது. அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக இழுத்து அச்செடுத்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். தொழிற்சாலைக் கணினியிலிருக்கும் மூலப்படம் அப்படியல்ல. அதில் கோடு புள்ளிகளாக இல்லாமல் கோடாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எத்தனை பெரிதாக்கினாலும் வளைவு வளைவாகவே இருக்கும். மூலத்தையே பென் டிரைவில் கொண்டுவந்து, மகளின் மடிக்கணினியிலிருந்து அச்செடுத்தாள். படிக்கட்டு போயிற்று.

மயிர் போகவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் ஊறுகிற தாளில் மைப்பேனாவால் எழுதின நினைவு வந்தது. சாதாரணத் தாள் மையைக் குடிக்கிறது, குடித்த மை நாருக்குள் ஓடுகிறது. கடைக்குப் போய் இங்க்ஜெட்டுக்கென்றே விற்கிற தடித்த, மினுக்கமில்லாத தாளை வாங்கிவந்தாள். நல்ல தாள் என்றால் நல்ல அமைப்பும் வேண்டும் என்று பிரிண்டரில் போட்டோ தாள் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். அங்கேதான் சறுக்கியது. கறுப்புக் கோடு கறுப்பாக வராமல் காய்ந்த பழுப்பாக வந்தது. ஓரத்தில் நீலமும் சிவப்பும் எட்டிப் பார்த்தன.

"அம்மா, அத்தையோட முகத்துக்கு வானவில் போட்டிருக்க" என்று மகள் சிரித்தாள்.

போட்டோ தாள் என்று சொன்னால் அந்தப் பிரிண்டர் கறுப்பு மையைத் தொடுவதில்லை, வண்ணங்களைக் கலந்துதான் கறுப்பை உண்டாக்குகிறது என்று பிறகு தெரிந்தது. தாளின் வகையை உள்ளபடி மினுக்கமில்லாத 'மேட்' என்று சொல்லி, கறுப்பு மட்டும் என்று அமைத்ததும் கறுப்பு கறுப்பாயிற்று.

அதற்குப் பிறகும் நாற்காலிக்கு ஒரு குறை இருந்தது. படுத்த கோடுகள் பளிச்சென்று இருந்தன. நின்ற கோடுகள் மட்டும் இரட்டையாகத் தெரிந்தன. நாலு காலுக்குப் பதில் எட்டுக் கால். ரப்பர் பிரிண்டரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அது ஓடுவதையே பார்த்தாள். உள்ளே அச்சுத்தலை இடமிருந்து வலமாகப் போகும்போதும் மை தெளித்தது, வலமிருந்து இடமாகத் திரும்பும்போதும் தெளித்தது. போனதும் வந்ததும் ஒரே இடத்தில் சேரவில்லை என்று அவளுக்குப் பட்டது. நிச்சயம் இல்லாததால் பிரிண்டர் மெக்கானிக்கை வரச் சொன்னாள்.

மெக்கானிக் பருத்த உடம்புக்காரர். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே அட்டைகளைப் பார்த்தார்.

"ரிப்பேர் இல்லக்கா. தலை அலைன்மெண்ட் விலகியிருக்கு. இதுலயே அதுக்கு ஒரு சோதனைப் பக்கம் இருக்கு, அடிச்சுப் பாத்து எந்தக் கோடு சேருதோ அந்த நம்பரச் சொன்னா அதுவே திருத்திக்கும்."

"போகும்போதும் வரும்போதும் அடிக்குதுல்ல, அதனாலதானே?"

"ஆமா. அவசரத்துக்கு அடிக்கிறவங்களுக்கு அது. உங்களுக்கு என்ன அவசரம்? அந்த வேகத்த எடுத்துட்டா ஒரு பக்கமா போகும்போது மட்டும் அடிக்கும். டீ குடிச்சிட்டு வரலாம், ஆனா கோடு சுத்தமா இருக்கும்."

இருவரும் சேர்ந்து திருத்தினார்கள். டீ குடித்தார்கள். நாற்காலிக்கு நாலே கால் வந்தது. மெக்கானிக்குக்கே கொஞ்சம் பெருமையாகப் போய்விட்டது. ஓர் அட்டையைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிரிண்டர் சரியானதும் மிச்சமிருந்த பிழை தன்னுடையது என்று ரப்பர் கண்டாள். தொழிற்சாலைப் பழக்கத்தில் முக்கியமில்லாத பாகங்களைச் சாம்பல் நிறத்தில் வரைந்திருந்தாள். அச்சகத்தில் அது அழகாக வரும். வீட்டுப் பிரிண்டருக்குச் சாம்பல் என்று ஒரு மை கிடையாது. கறுப்பைச் சிதறலாகத் தூவித்தான் சாம்பலாக்கும். அதனால் அந்தக் கோடெல்லாம் எறும்பு ஊர்ந்த தடமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் முழுக் கறுப்பாக்கினாள். வெளிக்கோட்டைத் தடிப்பாக்கினாள், உள்கோடுகளைக் குறைத்தாள், நெருங்கிக் கிடந்தவற்றை விலக்கினாள். அண்ணியின் முகத்தில் நெற்றிச் சுருக்கங்கள் மை பரவி ஒட்டிக்கொண்டதால் அவற்றை அடியோடு எடுத்துவிட்டாள்.

"இது நல்லா இருக்கு" என்றாள் அண்ணி. "இப்படியே வச்சுக்க, மாத்தாத."

புது அட்டைகளை அண்ணன்முன் பரப்பியபோது மூன்று பெண்களும் அவர் விரலையே பார்த்தார்கள். அவர் எதையும் கண்ணருகே கொண்டுபோகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். பிறகு விரல் நேராகப் போய் ரேடியோமேல் விழுந்தது.

அண்ணி ரேடியோவைப் போட்டாள். அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அண்ணி அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ரப்பர் மாடிக்குப் போய், கப்பலில் இருக்கும் கணவருக்கு போன் செய்து, "ரேடியோ கேட்டாருங்க" என்றாள். அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு திரும்பவும் ஆரம்பித்தது. அட்டை கிடைத்ததும் அண்ணன் பழைய ஆளாகிவிட்டார். டீக்கப்பைக் காட்டிவிட்டு, மூக்கைப் பிடித்துக் காட்டுவார். டீ சரியில்லை என்று அர்த்தம். செருப்பையும் அண்ணியின் முகத்தையும் சேர்த்து வைத்து வாசலைக் காட்டுவார். ரெண்டு பேரும் வெளியே நடந்துவிட்டு வரலாம் என்று அர்த்தம். சந்தையிலிருந்து கூட்டாளிகள் பார்க்க வந்தபோது, நாற்காலி அட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அவர்களை ஏலம் கேட்க வைத்தார். போட்டி போட்டு விலை ஏற்றினார்கள். கடைசியில் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அதான்" என்று மேசையைத் தட்டி முடித்தார். வந்தவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வார்த்தையும் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்தது. முதலில் வந்தது தக்காளி. ரப்பர் புதிதாக வரைந்து கொடுத்த காய்கறி அட்டையைப் பார்த்து ஒருநாள் கணீரென்று சொன்னார். அதில் அண்ணிக்குச் சந்தோஷமும் இருந்தது, குறையும் இருந்தது. "இத்தன வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். வாயில மொதல்ல வந்தது தக்காளி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவளைக் கூப்பிடும் சொல் இன்னொரு மாதத்தில் வந்தது. அன்றைக்கு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்பீச் மேடம் அட்டைகளைப் பார்த்துவிட்டு, வார்டில் இருந்த வேறொரு பெண்ணுக்கும் ஒரு செட் கேட்டார். அந்தம்மா தையல்காரி. ரப்பர் அவள் வீட்டுக்கே போய்க் கத்தரிக்கோலையும் மிஷினையும் பார்த்து வரைந்து கொடுத்தாள். பிறகு ஒரு லாரி டிரைவர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கப், வேறு வேறு செருப்பு. அச்செடுத்த ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பாள். ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் திரும்ப அச்செடுப்பாள். தொழிற்சாலையில் சொன்னபோது, மீந்துபோகும் தடித்த அட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அவளுக்கு நெடுநாள் தண்ணி காட்டியது ஒரே ஒரு அட்டைதான். அதைக் கேட்டவள் அண்ணி.

"என்னைக் கூப்பிடுறார். போய் நின்னா ஒரு அட்டையும் காட்ட மாட்டேங்கிறார். பேசாம உக்காந்திருக்கார். என்ன வேணும்னு கேட்டா சிரிக்கிறார். எனக்குத் தெரியும், அவர் சும்மாதான் கூப்பிடுறார். அதுக்கு ஒரு அட்டை போட்டுக் குடு."

சும்மாவை எப்படி வரைவது? கால் நீட்டி உட்கார்ந்த ஆளை வரைந்தாள். அண்ணன் இல்லையென்று தலையாட்டிவிட்டார். ஜன்னலோரம் ரெண்டு நாற்காலி வரைந்தாள். அதுவும் இல்லை. வேலையில்லாமல் விரித்த கையை வரைந்ததற்கு அண்ணனே சிரித்துவிட்டார். ஒரு வாரம் யோசித்துவிட்டு, வெறும் கட்டத்தை மட்டும் அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனாள். நாலு கோடு, நாலு மூலை, உள்ளே ஒன்றுமில்லை.

அண்ணன் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அடுப்படியிலிருந்த அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் வந்ததும் காட்டினார்.

"என்னது, ஒண்ணுமே இல்லையே" என்றாள் அவள். சொல்லிவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரப்பரும் உட்கார்ந்தாள். ரேடியோ யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

மாடியிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "அம்மா, மறுபடியும் கறுப்பு மை தீந்துபோச்சு. நாளைக்கு நான் ப்ராஜெக்ட் குடுக்கணும்."

"நீலத்துல அடிச்சுக்கடி" என்றாள் ரப்பர், எழுந்திருக்காமலே.